அரக்கேரியாவா, துஜாவா?

நர்சரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன. ஒன்று, தட்டுத்தட்டாகக் கிளை விரித்த அரக்கேரியா. ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். இன்னொன்று, விசிறி விசிறியாக இலையை நிமிர்த்தி வைத்திருக்கும் துஜா. எதை வாங்குவது என்று கேட்ட கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. எனவே இந்த வாரம் இவை இரண்டுக்கு மட்டும் பதில். ரோஜாக்காரர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்தருள்க.

கேள்வி: சுற்றி வளைக்காமல் ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு அரக்கேரியாவா, துஜாவா? (கடலூர் வாசகர்)

பதில்: துஜா. இரண்டு வார்த்தைக்கு அனுமதி உண்டென்றால், ‘அநேகமாக துஜா’. அந்த ‘அநேகமாக’வுக்கு விளக்கம்தான் இந்தப் பக்கம் முழுதும்.

கேள்வி: மாடிப்படிக்கும் மதில் சுவருக்கும் நடுவே நாலடி இடம் சும்மா கிடக்கிறது. நர்சரியில் இரண்டடி உயர அரக்கேரியா பார்த்தேன், கண்ணைவிட்டு அகலவில்லை. வைத்துவிடவா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: கோயில் யானைக்குட்டி அழகாக இருக்கிறதென்று கொல்லைப்புறத்தில் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? அதுதான் இங்கும் ஆகும். நீங்கள் பார்த்த இரண்டடி, அந்த மரத்தின் தொட்டில் பருவம். சொந்த ஊரான நியூ கலிடோனியாவில் அது 60 மீட்டர் வரை வளர்கிறது. நம் ஊரில் அவ்வளவு போகாவிட்டாலும், தரையில் வேர் பிடித்தபின் ஆண்டுக்கு இரண்டடி ஏறினால் ஆச்சரியமில்லை. இன்று எல்.கே.ஜி. போகும் உங்கள் பிள்ளை கல்லூரியில் சேரும்போது மரம் மொட்டைமாடியை எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கும்.

பலர் வேர் அஸ்திவாரத்தைப் பிளக்குமோ என்று பயப்படுகிறார்கள். என் கவலை வேறு. சந்துக்குள் நிற்கும் ஐம்பதடி மரத்தை ஒருநாள் எடுத்தே ஆகவேண்டும் என்று வந்தால், அடியில் வெட்டிச் சாய்க்க இடம் இருக்காது. ஆள் மேலே ஏறி, கயிறு கட்டி, துண்டு துண்டாக இறக்கவேண்டும். கன்று வாங்கிய காசை அப்போது நினைத்தால் சிரிப்பு வராது. வீட்டிலிருந்தும் மதிலிலிருந்தும் குறைந்தது இருபதடி, தலைக்கு மேல் மின்கம்பி இல்லாத வானம். இது இருந்தால் அரக்கேரியா வையுங்கள். உங்கள் நாலடிக்கு ஒரு துஜா போதும். அல்லது அரக்கேரியாவைத் தொட்டியிலேயே வையுங்கள். அது பாட்டுக்கு நிதானமாக வளரும்.

கேள்வி: உயரம்தானே பிரச்சினை? நுனியைக் கிள்ளிவிட்டால் குட்டையாக இருந்துவிட்டுப் போகிறது! (ஈரோடு வாசகர்)

பதில்: செம்பருத்தி அந்த வித்தைக்கு மசியும், அரக்கேரியா மசியாது. நடுத்தண்டை வெட்டினால் வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று நுனிகள் கிளம்பித் தலைமைக்குப் போட்டி போடும். கடைசியில் கவட்டை விழுந்த மரம் கிடைக்கும். காற்றில் அந்தக் கவட்டைதான் முதலில் பிளக்கும். நீங்கள் எந்த அழகுக்காக வாங்கினீர்களோ அந்தச் சமச்சீர் அன்றே போய்விடும். கீழ்க்கிளைகளைக் கழித்தாலும் இதே கதைதான். போன கிளை போனதுதான். அந்த இடத்தில் மறுபடி அதே தட்டு வராது.

கேள்வி: பக்கத்து வீட்டு அரக்கேரியாவின் பக்கக்கிளையை ஒடித்து நட்டிருக்கிறேன். துளிர்க்குமா? (பெயர் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரும் உங்கள் வாசகர்)

பதில்: துளிர்க்கலாம். ஆனால் மரமாகாது. பக்கக்கிளைக்குத் தான் பக்கக்கிளை என்பது மறக்கவே மறக்காது. வேர் பிடித்தாலும் தரையோடு கிடையாக நீண்டுகொண்டே போகும். தாவரவியல் வகுப்பில் கிளையின் இந்தப் பிடிவாதத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதே அரக்கேரியாவைத்தான். நேராக வளரவேண்டுமென்றால் நடுநுனியை வெட்டி நடவேண்டும். அதற்குப் பக்கத்து வீட்டு மரத்தின் தலையை வாங்கவேண்டியிருக்கும். வேண்டாம், விதையில் முளைத்த கன்றை வாங்கிவிடுங்கள். அக்கம்பக்கத்து உறவு நீடிக்கட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டு அரக்கேரியா வரவரத் தெற்குப் பக்கம் சாய்கிறது. தெற்கு யமன் திசை, உடனே வெட்டு என்கிறார் வாஸ்து பார்ப்பவர். (திருச்சி வாசகர்)

பதில்: யமனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பூமத்திய ரேகைக்குத்தான் சம்பந்தம். உங்கள் மரம் குக் பைன் என்று சொல்லப்படும் அரக்கேரியா காலம்னாரிஸ் ஆக இருக்கவேண்டும். இந்த மரம் உலகில் எங்கே நட்டாலும் பூமத்திய ரேகையை நோக்கிச் சாய்கிறது. நாம் ரேகைக்கு வடக்கே இருப்பதால் நம் மரம் தெற்கே சாயும். ஆஸ்திரேலியாவில் நட்டால் வடக்கே சாயும். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த தாவரவியலாளர்கள் ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017-ல் ‘ஈகாலஜி’ என்னும் ஆய்விதழில் இதை வெளியிட்டார்கள். சராசரிச் சாய்வு 8.55 பாகை. பைசா கோபுரம் இன்று சாய்ந்திருப்பது சுமார் 4 பாகைதான். அதற்கே உலகம் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கிறது. ரேகையிலிருந்து தள்ளிப் போகப்போகச் சாய்வு கூடுகிறது என்பதும் அவர்கள் கண்டது. திருச்சி 11 பாகைக்குள் இருப்பதால் உங்களுக்குச் சலுகைச் சாய்வுதான். ஏன் சாய்கிறது என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. வாஸ்துக்காரருக்கு மட்டும் அது தெரிந்திருப்பதில் மகிழ்ச்சி.

ஒரு எச்சரிக்கை. மெல்ல, ஆண்டுக்கணக்கில் சாய்ந்தால் இந்த விளக்கம் செல்லும். ஒரே மழையில் சாய்ந்து, அடியில் மண் விரிசல் விட்டிருந்தால் அது வேர் ஆட்டம். அன்றைக்கே மரம் வெட்டுபவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: நான் வாங்கிய செடியின் சீட்டில் ‘நார்ஃபோக் தீவு பைன்’ என்றிருக்கிறது. நீங்கள் குக் பைன் என்கிறீர்கள். யாரை நம்புவது? (கண்டி வாசகர்)

பதில்: இரண்டுமே அரக்கேரியாதான், இரண்டுமே அசல் பைன் இல்லை. நார்ஃபோக் தீவுக்காரி கொஞ்சம் அகலமாக, தட்டுக்குத் தட்டு இடைவெளி விட்டு, கோபுர வடிவில் வளர்வாள். குக் பைன் ஒடுக்கமாகத் தூண் மாதிரி போகும். பட்டை காகிதச் சுருளாக உரியும். இளங்கன்றில் பிரித்துப் பார்ப்பது வித்தகர்களுக்கே கடினம் என்பதால் வெப்ப நாடுகளில் நார்ஃபோக் என்று சீட்டுக் கட்டி விற்பவற்றில் நிறைய குக் பைன்களே. வளர்ந்த குக் பைன் எப்படியிருக்கும் என்று பார்க்க நீங்கள் தூரம் போகவேண்டாம். பேராதனைத் தாவரவியல் பூங்காவில் சாலையின் இருபுறமும் வரிசை கட்டி நிற்கின்றன. பார்த்துவிட்டு வந்து உங்கள் முற்றத்தை ஒருதரம் அளந்துகொள்ளுங்கள்.

இரண்டையும் ஐரோப்பியர் கண்டது ஒரே பயணத்தில். 1774-ல் கேப்டன் ஜேம்ஸ் குக் நியூ கலிடோனியாவையும் அடுத்து நார்ஃபோக் தீவையும் பார்த்தார். நெட்டுக்குத்தாக நின்ற மரங்களைக் கண்டதும் ‘ஆகா, பாய்மரத்துக்கு ஆயிற்று’ என்று ஆசை. 1788-ல் நார்ஃபோக்கில் பிரிட்டிஷார் குடியேறியதற்கு அந்த ஆசையும் ஒரு காரணம். வெட்டிப் பார்த்தபின்தான் தெரிந்தது, மரம் பாய்மரத்துக்கு வேண்டிய உறுதி இல்லாதது என்று. தோற்றத்தைப் பார்த்து அரக்கேரியா வாங்கி ஏமாந்த முதல் வாடிக்கையாளர் பிரிட்டிஷ் கடற்படை.

கேள்வி: ஒரே தொட்டியில் மூன்று அரக்கேரியாக் கன்று இருக்கிறது. ஒன்று வாங்கினால் இரண்டு இலவசமா? (வேலூர் வாசகி)

பதில்: அடர்த்தியாகத் தெரிய நர்சரிக்காரர் செய்த ஏற்பாடு அது. தொட்டியில் வைப்பதானால் கொஞ்ச காலம் இருக்கட்டும். தரைக்குப் போவதானால் நேரான ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மண்ணோடு ஒட்ட வெட்டிவிடுங்கள். பிடுங்கிப் பிரிக்கப் போனால் பின்னிய வேர் அறுந்து மூன்றும் போகலாம்.

கேள்வி: காசு கொடுத்து இதெல்லாம் எதற்கு? நாங்கள் டிசம்பருக்கு டிசம்பர் சவுக்குக் கொப்பை வெட்டி நட்டு ஸ்டார் கட்டிவிடுவோம். அதுவும் ஊசியிலைதானே? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: பண்டிகைக்குப் பழுதில்லை, தாவரவியலுக்குத்தான் பழுது. சவுக்கு ஊசியிலை மரமே அல்ல, பூக்கும் தாவரம். ஊசி என்று நீங்கள் நினைப்பது கணுக்கணுவான மெல்லிய குச்சி. ஒரு கணுவில் இழுத்துப் பிய்த்துப் பாருங்கள். மூட்டில் வட்டமாகப் பற்கள் தெரியும். அந்தப் பற்கள்தான் இலை.

கேள்வி: ஊசியிலை மரமெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்து திணித்தது. தமிழ் மண்ணுக்கும் அதற்கும் என்ன உறவு? (விழுப்புரம் வாசகர்)

பதில்: உங்கள் மாவட்டத்திலிருந்தே இந்தக் கேள்வி வந்திருப்பதுதான் வேடிக்கை. திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அருகிலேயே கல்மரப் பூங்கா இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுப் பழமையான மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 1781-லேயே சொன்னரா என்ற ஐரோப்பியர் இவற்றைப் பற்றி எழுதிவிட்டார். அந்தக் கல்மரங்களில் ஊசியிலைக் குடும்பத்து மரமும் உண்டு. வெள்ளைக்காரன் கப்பல் கட்டக் கற்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது.

கல்லாகாமல் உயிரோடு இருப்பதும் ஒன்று உண்டு. நகேயா வாலிச்சியானா என்ற மரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் இயற்கையாக வளர்கிறது. தென்னிந்தியாவின் ஒரே சொந்த ஊசியிலை மரம் அதுதான். ஆனால் அதன் இலையில் ஊசிக்கான அடையாளமே இருக்காது. அகலமாக, பளபளவென்று, எதிரெதிராக இருக்கும். ஊசியிலை இனம் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள்.

மற்றபடி நம் தோட்டத்து அரக்கேரியாவும் துஜாவும் வந்தேறிகள்தான், ஒப்புக்கொள்கிறேன். மிளகாயும் வந்தேறிதான். அதை யாரும் திருப்பி அனுப்பச் சொல்வதில்லை.

கேள்வி: துஜாவுக்கு ஒரு நாள் விடாமல் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் பழுப்பாகிறதே! (சேலம் வாசகி)

பதில்: ‘ஆனாலும்’ அல்ல அம்மா, ‘அதனால்’. துஜாவை நம் ஊரில் கொல்வது வெயிலைவிட அன்புதான். வேர் எப்போதும் ஈரத்தில் நின்றால் அழுகும், அழுகிய வேரால் தண்ணீர் எடுக்க முடியாது, இலை காயும், காய்கிறதே என்று நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள். விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் குடத்தைக் கீழே வையுங்கள்.

எந்தப் பழுப்பு என்பதையும் பார்க்கவேண்டும். செடியின் உள்ளே, தண்டை ஒட்டிய பழைய இலை மட்டும் பழுத்து உதிர்ந்தால் அது வழக்கமான கழிவு, விட்டுவிடுங்கள். வெளிப்புறம் மங்கி, தூசி படிந்த நிறமாக மாறினால் சிலந்திப்பேனைச் சந்தேகிக்கலாம். கோடையில், மழை படாத சுவரோரத்தில் வரும். ஒரு வெள்ளைத்தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நடக்க ஆரம்பித்தால் அவைதான். ஹோஸ் பைப்பில் தண்ணீரை வேகமாக, உள்ளேயும் அடியிலும் படும்படி, சில நாள் விட்டுச் சில நாள் அடித்தாலே பெரும்பாலும் அடங்கும். வேருக்கு வேண்டாத தண்ணீரை இலைக்குக் கொடுங்கள்; உங்கள் கைக்கும் வேலை கிடைத்த மாதிரி இருக்கும்.

கேள்வி: கரிசல் மண்ணில் இரண்டில் எது வரும்? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: இரண்டுக்குமே தண்ணீர் தேங்கினால் ஆகாது. மழையில் கரிசல் தேக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குழி தோண்டி நடாமல் ஓரடி மேடு போட்டு, மணலும் மட்கிய எருவும் கலந்து அதில் நடுங்கள். மேட்டில் துஜா நன்றாகவே வரும். எட்டு, பத்தடி உயரத்துக்கு அது எடுத்துக்கொள்ளும் காலத்தில் நீங்கள் இரண்டு முறை வீட்டுக்கு வெள்ளையடித்துவிடுவீர்கள்.

கேள்வி: துஜாவை வேலியாக வைத்து மருதாணி வேலியை எடுத்துவிடலாமா? (கோவை வாசகி)

பதில்: இரண்டரை அடிக்கு ஒன்றாக வைத்தால் துஜா வேலி பிரமாதமாக இருக்கும். ஆனால் மருதாணியிடம் நடந்துகொண்டதுபோல் அதனிடம் நடக்கக்கூடாது. மருதாணியை முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்தாலும் அடுத்த மாதம் தழைத்துவிடும். துஜாவில் பச்சை உள்ள வரைதான் கத்தரிக்கோல் போகலாம். பச்சையைத் தாண்டி வெறுங்கட்டை வரை வெட்டினால் அங்கே ஓட்டை; அது நிரம்பவே நிரம்பாது. சிறுசிலிருந்தே நுனியை மட்டும், அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக. அடிப்பாகம் அகலமாகவும் மேல்பாகம் ஒடுங்கியும் இருக்கட்டும். அப்போதுதான் கீழிலைக்கும் வெயில் கிடைக்கும். இவ்வளவு பொறுமை இல்லையென்றால் மருதாணியே இருக்கட்டும். ஆடு மேயும் தெரு என்றாலும் மருதாணிதான்.

கேள்வி: சுடுகாட்டு மரம், வீட்டில் துஜா ஆகாது என்கிறார் மாமியார். அவருக்கு அரக்கேரியாதான் வேண்டுமாம். (மதுரை மருமகள்)

பதில்: கல்லறைத் தோட்டங்களில் துஜா இருப்பது உண்மை, கவனிக்க ஆளில்லாத இடத்திலும் பச்சையாக இருக்கும் என்பதால். அதன் பூர்விகமான சீனாவில் கோயில்களிலும் வைக்கிறார்கள், பேரரசர் சமாதிகளிலும் வைக்கிறார்கள். நீண்ட ஆயுளுக்கு அடையாளம் அங்கே அது. ஆயிரம் ஆண்டு தாண்டிய மரங்கள் உண்டு. ஷான்ஸி மாநிலத்தில் மஞ்சள் பேரரசரே நட்டதாக ஐதீகம் சொல்லும் ஒன்றைச் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். “அத்தை, இது தீர்க்காயுசு மரம், உங்களை நினைத்துத்தான் வாங்கினேன்” என்று சொல்லிப்பாருங்கள். பலிக்கவில்லையென்றால் அவருக்கு ஒரு தொட்டி அரக்கேரியா. இரண்டும் ஒரே வீட்டில் ஒத்துப்போகும். மற்றவர்களைப் பற்றி நான் உத்தரவாதம் தருவதற்கில்லை.

கேள்வி: துஜா மருவுக்கு மருந்தாமே? வீட்டுச் செடியின் இலையை அரைத்துக் குடிக்கலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: கூடாது. ஹோமியோபதிக் கடையில் துஜா என்று தருவது வட அமெரிக்க மரமான துஜா ஆக்ஸிடென்டாலிஸை வைத்துச் செய்தது. உங்கள் வீட்டில் இருப்பது கிழக்காசிய மரம். லின்னேயஸ் 1753-ல் இதற்கும் துஜா என்றுதான் பெயர் வைத்தார். தாவரவியலாளர்கள் பின்னால் பிரித்துப் பிளாட்டிகிளாடஸ் என்று தனிப்பேரினம் ஆக்கிவிட்டார்கள். நர்சரிக்காரர் காதுக்கு அது இன்னும் எட்டவில்லை. பார்த்தே பிரிக்கலாம்: நம்முடையதில் இலைவிசிறி நெட்டுக்குத்தாக நிற்கும், நீலப்பச்சைக் காயில் கொக்கிபோல் கொம்பு இருக்கும். அமெரிக்க மரத்தில் விசிறி படுக்கையாக இருக்கும். எந்த மரமானாலும் இந்தக் குடும்பத்து இலைகளின் எண்ணெயில் துஜோன் என்ற பொருள் இருக்கலாம். அளவு மீறினால் வலிப்பு வரை கொண்டுபோகும். மருவுக்குத் தோல் மருத்துவர் இருக்கிறார்.

கேள்வி: வடநாட்டுத் தோழி துஜா இலையைப் புத்தகத்துக்குள் வைத்தால் படிப்பு வரும் என்கிறாள். (பிளஸ் டூ மாணவி, சென்னை)

பதில்: நம் பிள்ளைகள் மயிலிறகு வைத்துக் குட்டி போடும் என்று காத்திருப்பார்கள், அங்கே இந்தச் செடிக்கே மயிலிறகுச் செடி என்றும் பெயர். தாராளமாக வை. இலையை எடுக்கும்போதும் வைக்கும்போதும் புத்தகத்தைத் திறந்தாகவேண்டுமே, அதில் பலன் உண்டு.

கேள்வி: கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம் வீடு. உப்புக்காற்று, போதாக்குறைக்கு வருஷா வருஷம் புயல். எதை வைக்க? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: உப்புக்காற்றுக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் அரக்கேரியா முதலிடம். பசிபிக் தீவில் கடலைப் பார்த்தபடியே பிறந்த மரம் அது. புயலைச் சேர்த்தால் கணக்கு மாறுகிறது. ஃபுளோரிடாவில் சூறாவளிக்குப் பின் மரங்களைக் கணக்கெடுத்தவர்கள் நார்ஃபோக் மரத்தை நம்பத்தகாதவற்றில் சேர்த்திருக்கிறார்கள். 2016 வர்தாவையும் 2018 கஜாவையும் பார்த்தவர்களுக்கு, ஓங்கி நிற்கும் ஒற்றை மரம் வீட்டுப் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்று விளக்கவேண்டாம். கடற்கரை ஊரில் என் விதி இதுதான்: மரம் நாளை எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு தூரம் வீட்டிலிருந்து தள்ளி. அவ்வளவு நிலம் இல்லையா? வீட்டின் மறைவில், நேரடி உப்புக்காற்று படாத பக்கத்தில் துஜா. அது சாய்ந்தாலும் ஆளுயரம்தான், நிமிர்த்திக் கட்டிவிடலாம்.

கேள்வி: அப்பார்ட்மென்ட் ஹாலுக்குள் வைக்க எது? (சென்னை, ஏழாவது மாடி)

பதில்: இங்கே தீர்ப்பு தலைகீழ். துஜாவுக்கு அரைநாளாவது நேர்வெயில் வேண்டும். ஹாலுக்குள் வைத்தால் வரிசையாக வெளிறி, உள்ளிருந்து உதிர்ந்துபோகும். அரக்கேரியா, இளவயதில், வெளிச்சமான ஜன்னலோரத்தில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்புங்கள், இல்லாவிட்டால் வெளிச்சத்தின் பக்கம் சரியும். ஏ.சி. காற்று நேராக அடிக்கவேண்டாம். கீழ்த்தட்டு காய்ந்து விழ ஆரம்பித்தால் வெளிச்சமோ ஈரமோ குறைகிறது என்று பொருள்.

கேள்வி: எங்களுக்குப் பனி உறையும் ஊர். (ஊட்டி வாசகர்)

பதில்: துஜா சிரித்துக்கொண்டே தாங்கும். உறைபனி இறங்கும் பள்ளத்தில் இளம் அரக்கேரியாவை நடவேண்டாம்.

கேள்வி: இங்கே டிசம்பரில் சூப்பர் மார்க்கெட்டில் மினுமினுப்புத் தூவிய குட்டி அரக்கேரியா விற்கிறார்கள். வசந்தத்தில் பின்முற்றத்தில் நட்டால் ஊர் நினைவாக நிற்குமே? (ஸ்கார்பரோ, கனடா)

பதில்: அடுத்த நவம்பர் வரை நிற்கும். தொட்டியோடு கோடையில் வெளியே, குளிர் தொடங்குமுன் உள்ளே. அதற்குமேல் ஆசை வேண்டாம். பின்முற்றத்துக்கு உங்கள் ஊரின் சொந்த மரமே இருக்கிறது: அங்கே எல்லோரும் சீடர் வேலி என்று சொல்லும் துஜா ஆக்ஸிடென்டாலிஸ். 1535-36 குளிர்காலத்தில், இன்றைய கியூபெக் அருகே ஜாக் கார்ட்டியேயின் மாலுமிகள் ஸ்கர்வி நோயில் விழுந்து இறந்துகொண்டிருந்தபோது பூர்வகுடிகள் ஒரு மரத்தின் கஷாயத்தைக் கொடுத்துப் பிழைக்கவைத்தார்கள். அது இந்த மரம்தான் என்பது பலர் கருத்து. நயாகரா செங்குத்துப் பாறைகளில் மண்ணே இல்லாத விரிசலில் ஆயிரம் ஆண்டைக் கடந்த துஜாக்கள் ஆளுயரத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. உங்கள் பின்முற்றம் அதற்குச் சொகுசு பங்களா.

கேள்வி: ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறீர்களே, உங்கள் வீட்டில் இருப்பது அரக்கேரியாவா, துஜாவா? (அதே கடலூர் வாசகர்)

பதில்: முருங்கை. காற்றடித்தால் ஒடியும், ஐப்பசியில் கம்பளிப்பூச்சி வரும், நிழலும் சுமார்தான். ஆனால் மற்ற இரண்டையும் சாம்பாரில் போட முடியாது.